கள்ளப் பிடிதுணி: தக்காளி இலையை ஒரு பாக்டீரியா ஏமாற்றுவது எப்படி?

கல்யாண வீட்டுச் சமையற்கட்டைக் கதவைச் சாத்திக்கொண்டு நடத்த முடியாது. கோட்டையடுப்பு எரியக் காற்று வேண்டும். அண்டாக்களிலிருந்து கிளம்பும் ஆவி வெளியேறவும் வழி வேண்டும். சாத்தினால் சமையல் நிற்கும். திறந்து வைத்தாலோ, வேண்டாதவர்கள் நுழைவார்கள். செடியின் இலை நாள்தோறும் இதே இக்கட்டில்தான் இருக்கிறது. வெயிலை அடுப்பாக்கி, காற்றிலிருந்து எடுத்த கார்பன் டை ஆக்சைடையும் வேர் அனுப்பும் தண்ணீரையும் கொண்டு சர்க்கரை சமைக்கும் இடம் அது. காற்று வந்துபோக இலையின் தோலில் ஆயிரக்கணக்கான கதவுகள் இருக்கின்றன. அவைதான் இலைத்துளைகள்.

ஒவ்வொரு துளைக்கும் இரு பக்கத்திலும் அவரை விதை வடிவில் ஒவ்வொரு காப்புச் செல். இரண்டும் தண்ணீர் ஏறிப் புடைத்தால் வெளிப்புறமாக வளைந்து நடுவில் இடைவெளி விடும். தண்ணீரை இழந்து தளர்ந்தால் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். திறந்த துளை சில மைக்ரோமீட்டர் அகலம் இருக்கும். பாக்டீரியாவின் பருமன் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர்தான். உடம்பை ஒடுக்காமலே உள்ளே போகலாம்.

சூடோமோனாஸ் சிரிங்கே என்ற பாக்டீரியாவின் ஒரு வகை தக்காளியைத் தாக்குகிறது. இலையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவில் கரும்புள்ளிகள். காயில் கடுகு தெறித்ததுபோல் சற்றே மேடான கறுப்புப் பொட்டுகள். 1933ல் தைவானிலும் அமெரிக்காவிலும் இந்நோய் விவரிக்கப்பட்டது. நோய்பட்ட இலையைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஒவ்வொரு கரும்புள்ளியைச் சுற்றியும் ஒரு மஞ்சள் வளையம் தெரியும். புள்ளியில் இருப்பது பாக்டீரியா. வளையம், அது கசியவிட்ட ஒரு பொருளின் கைவரிசை. அந்தப் பொருளின் பெயர் கொரோனடின். 1977ல் ஜப்பானிய வேதியியலாளர்கள் அதன் கட்டமைப்பை வெளியிட்டார்கள். அவர்களுக்கு அது கிடைத்தது இத்தாலிய ரை புல்லைத் தாக்கும் வேறொரு சூடோமோனாஸிலிருந்து.

நச்சு என்றால் செல்லின் வேலையைக் கெடுப்பது என்றுதான் நினைப்போம். இந்தக் குடும்பத்தில் அப்படிப்பட்டவையும் உண்டு. புகையிலையில் ‘காட்டுத்தீ’ நோயை உண்டாக்கும் வகை டாப்டாக்சின் என்ற நச்சைச் சுரக்கிறது. அமோனியாவைக் குளூட்டமினாக மாற்றும் நொதியை அது முடக்க, அமோனியா தேங்கி இலை வெளுத்துப்போகிறது. பீன்ஸைத் தாக்கும் வகையின் பேசியோலோடாக்சின், அர்ஜினின் தயாராவதைத் தடுக்கிறது. இவையெல்லாம் அடுப்பை அணைக்கிற ரகம். கொரோனடினின் முதல் வேலை அதுவல்ல. அது காவலைத் திசைதிருப்புகிறது. இத்தனை நச்சுகளிலும் இதையே மிக ஆபத்தானதாக நான் கருதுகிறேன். ஏனென்றால் செடியின் பாகம் எதுவும் பழுதாவதில்லை; ஒவ்வொன்றும் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது; செய்யும்போதே செடி தோற்கிறது.

முதலில் கதவைப் பார்ப்போம். மழைத்துளியோடு தெறித்து இலைமேல் விழுந்த பாக்டீரியா, இலையின் ஈரப்படலத்தில் கசையிழையைச் சுழற்றி நீந்துகிறது. அந்தக் கசையிழையே அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. இழையைக் கட்டும் புரதத்துக்கு ஃபிளாஜெல்லின் என்று பெயர். அதில் 22 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு, பல பாக்டீரியாக்களில் பெரிதாக மாறாமல் இருக்கிறது. மாற்றினால் நீந்த முடியாது. செடி சரியாக அந்தத் துண்டைத்தான் மோப்பம் பிடிக்கிறது. மோப்பம் பிடிக்கும் ஏற்பிப் புரதம் எஃப்எல்எஸ்2. 2000ல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் லூர்டெஸ் கோமஸ்-கோமஸும் தாமஸ் போலரும் அதை இனம்கண்டார்கள். வாசலில் நிற்பவர் புது ஆளின் வாடை பட்டதும் கதவை இழுத்துச் சாத்துவதுபோல, அந்த ஏற்பி உசுப்பிவிட்டதும் காப்புச் செல்கள் தங்களுக்குள் இருக்கும் உப்பு அயனிகளை வெளியேற்றுகின்றன. அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. கதவு மூடிக்கொள்கிறது.

இலைத்துளைகள் இப்படி ஆளறிந்து கதவடைக்கும் என்பது வெகுகாலம் தெரியாமலே இருந்தது. கிருமிகள் தடையின்றி நுழையும் வழி என்றே அவற்றைப் பற்றி எழுதிவந்தார்கள். 2006ல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஷெங் யாங் ஹேயின் ஆய்வகத்தைச் சேர்ந்த மைலி மெலோட்டோவும் மற்றவர்களும் செய்த சோதனை அந்த எண்ணத்தை மாற்றியது. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியின் இலைகளைப் பாக்டீரியா மிதக்கும் நீரில் வைத்து, நுண்ணோக்கியில் துளைகளை அளந்தார்கள். ஒரு மணி நேரத்தில் பெரும்பாலான துளைகள் மூடிக்கொண்டன. மனிதக் குடலைத் தாக்கும் ஈ. கோலை ஓ157 வகையை வைத்தபோதும் மூடின, மூடியபடியே இருந்தன. தக்காளிப் பாக்டீரியாவை வைத்த இலையில் மட்டும் மூன்று மணி நேரத்தில் கதவுகள் மறுபடியும் திறந்துகொண்டன. கொரோனடின் செய்யும் மரபணுவை இழந்த அதே பாக்டீரியாவை வைத்தார்கள், கதவு திறக்கவில்லை. கதவை மூடவைக்கும் ஃபிளாஜெல்லின் துண்டோடு தூய கொரோனடினைச் சேர்த்துக் கொடுத்தார்கள். கதவு திறந்தே இருந்தது.

இதனால் ஒரு பழைய குழப்பமும் தீர்ந்தது. கொரோனடின் இல்லாத பாக்டீரியாவை இலைமேல் தெளித்தால் நோய் சரியாக வருவதில்லை. அதையே ஊசியால் இலைக்குள் செலுத்திவிட்டால் ஓரளவு நன்றாகவே பெருகிவிடும். ஊசி, கதவைத் தாண்டிக்கொண்டுபோய் விட்டுவிடுகிறது. கதவைத் திறக்கத்தான் கொரோனடின் முதன்மையாகத் தேவைப்பட்டிருக்கிறது.

சாத்திய கதவை அது எப்படித் திறக்கிறது? இதைப் புரிந்துகொள்ள, சமையற்கட்டுக்கு இரண்டு விதமான ஆபத்து உண்டு என்பதை நினைவில் வைக்க வேண்டும். “உக்கிராணத்துல எலி!” என்று ஒரு குரல் கேட்டால் எல்லாரும் துடைப்பமும் கம்புமாக ஓடுவார்கள், எலி வெளியே ஓட வழிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பார்கள். “திருடன்!” என்று குரல் கேட்டால் கதவைச் சாத்தித் தாழ் போடுவார்கள். இரண்டு குரலுக்கும் ஒரே நேரத்தில் கட்டுப்பட முடியாது. ஆளும் போதாது, செய்கைகளும் ஒன்றுக்கொன்று எதிர்.

செடிக்கும் இரண்டு குரல்கள் உண்டு. பாக்டீரியா போன்றவை நுழைந்தால் சாலிசிலிக் அமிலம் கூடும். ஆஸ்பிரினின் நெருங்கிய உறவு இது. 1979ல் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ரேமண்ட் ஒயிட், புகையிலை இலையில் ஆஸ்பிரினைச் செலுத்தியபோது மொசைக் வைரஸை அது நன்றாக எதிர்த்தது. இலையைக் கடித்துத் தின்னும் புழுக்கள் வந்தாலோ, எழும்புவது ஜாஸ்மோனேட் என்ற இன்னொரு குரல். இந்தக் குடும்பத்துச் சேர்மம் ஒன்று 1962ல் மல்லிகை எண்ணெயிலிருந்துதான் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. அந்த மணத்துக்கு இப்படியொரு வேலையும் உண்டு என்பது பின்னால் தெரியவந்தது. அமெரிக்காவில் கிளாரன்ஸ் ரையன் 1972ல் காட்டியது இது: தக்காளி, உருளைக்கிழங்குச் செடிகளின் ஓர் இலையைப் புழு கடித்தால், கடிபடாத மற்ற இலைகளிலும் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் சேர்கின்றன. புழு தின்னும், ஆனால் செரிக்காது. 1990ல் அவரும் எட்வர்ட் ஃபார்மரும், காற்றில் பரவும் மெத்தில் ஜாஸ்மோனேட்டே இந்த ஏற்பாட்டைத் தூண்டிவிடப் போதும் என்று கண்டார்கள்.

இந்த ஜாஸ்மோனேட் குரல் ஓங்கினால் சாலிசிலிக் குரல் அமுங்கும். அதைத்தான் பாக்டீரியா பயன்படுத்திக்கொள்கிறது.

எலிக்கான மருந்து இந்தச் சமையற்கட்டில் எப்போதும் அடுப்பில் கொதிநிலையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பொங்கி வழியாமல் இருக்க மேலே கனமான மூடி. எலி வரும்போது மூடியை எடுக்க வேண்டும். வெறுங்கையால் எடுக்க முடியாது, சுடும். கைக்கும் மூடிக்கும் நடுவே பிடிதுணி வேண்டும். துணி வந்தால்தான் கை மூடியைப் பற்றும். செடிக்குள் கொதிப்பது எம்ஒய்சி2 போன்ற, மரபணுக்களை இயக்கிவைக்கும் புரதங்கள். அவற்றை அமுக்கி வைத்திருக்கும் மூடிகள் ஜாஸ் என்ற புரதங்கள். மூடியைப் பற்றும் கை சிஓஐ1 என்ற புரதம். பிடிதுணியாக நடுவில் வந்து இரண்டையும் ஒட்டவைப்பது ஜாஸ்மோனிக் அமிலமும் ஐசோலூசின் என்ற அமினோ அமிலமும் கோத்த ஒரு சிறு மூலக்கூறு. புழு கடித்த இடத்தில் செடி இந்தத் துணியை அவசரமாக நெய்கிறது. சமையற்கட்டில் எடுத்த மூடியை ஓரமாக வைத்துவிட்டுத் திரும்ப மூடுவோம். செடி அப்படிச் செய்வதில்லை. கை பற்றிய மூடிக்கு ஓர் அடையாளம் ஒட்டப்படும். உடனே அது செல்லின் குப்பை அரைக்கும் எந்திரமான புரோட்டியசோமுக்குள் போய்த் துண்டு துண்டாகும். மறுபடி மூட வேண்டுமானால் புது மூடிதான் செய்ய வேண்டும்.

கொரோனடின் ஒரு கள்ளப் பிடிதுணி. பாக்டீரியா அதைத் தயாரிக்கும் விதமே வியக்கவைக்கிறது. செடியின் மூலக்கூறில் ஒரு வளையமும் அதோடு கோத்த ஐசோலூசினும் இருக்கின்றன. பாக்டீரியா, முற்றிலும் வேறு பாதையில் கொரோனஃபாசிக் அமிலம் என்ற இரட்டை வளையத்தைக் கட்டுகிறது. ஐசோலூசினையே திருத்தி கொரோனமிக் அமிலம் செய்கிறது. கடைசியில் இரண்டையும் கோக்கிறது. வடிவம் கிட்டத்தட்ட அதே. சோதனைக் குழாயில், கையையும் மூடியையும் ஒட்டவைப்பதில் அசலைவிட இது நூற்றுக்கணக்கான மடங்கு வலியது. புழு வந்திருக்காது, ஓர் இலைகூடக் கடிபட்டிருக்காது. ஆனாலும் மூடி கழன்று விழுகிறது, கதவு திறக்கிறது.

அசல் துணியை எந்தக் கை பற்றுகிறது என்பதை நமக்குக் காட்டிக்கொடுத்ததே இந்தக் கள்ளத் துணிதான். இங்கிலாந்தின் நார்விச்சில் ஜான் டர்னரின் குழு, மரபணுக்களில் தாறுமாறாக மாற்றம் உண்டாக்கிய அராபிடாப்சிஸ் விதைகளைக் கொரோனடின் கலந்த ஊட்டக் கூழில் முளைக்கவிட்டது. கொரோனடின் பட்டால் நாற்றின் வேர் குட்டையாகிவிடும். அத்தனை குட்டை வேர்களுக்கு நடுவே சில நாற்றுகள் ஒன்றும் நடக்காததுபோல் நீளமாக வேர்விட்டிருந்தன. அவற்றைப் பொறுக்கி எடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். பூத்தன, ஆனால் மகரந்தம் சரியாக முதிராததால் காய்க்கவில்லை. சூடோமோனாஸ் பாக்டீரியாவை நன்றாகவே எதிர்த்தன. 1994ல் வெளிவந்த இந்த ஆய்வில்தான் சிஓஐ1 மரபணு பெயர் பெற்றது. 1998ல் அது பிரித்தெடுக்கப்பட்டது. மூடிகள் 2007ல் கண்டுபிடிக்கப்பட்டன. கையும் துணியும் மூடியின் ஒரு விளிம்பும் சேர்ந்திருக்கும் நிலையை, படிகமாக்கி அணு அணுவாக 2010ல் படம் எடுத்தார்கள். ஒரு நோய்க்கிருமியின் நச்சைக் கையில் வைத்துக்கொண்டு, செடியின் முக்கியமான ஹார்மோன் ஒன்றின் ஏற்பியைக் கண்டுபிடித்த வரலாறு இது. தாவர உயிரியலில் எனக்கு மிகப் பிடித்த கண்டுபிடிப்புகளில் இதுவும் ஒன்று.

அந்தக் காய்க்காத பூவையும் கவனிக்க வேண்டும். ஏமாறும் கையை வெட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று சொல்லிவிட முடியாது. அதே கைதான் புழுவை விரட்டுகிறது. விதை பிடிக்கவும் அது வேண்டும்.

கதவு திறந்தபின் கொரோனடினின் வேலை முடிந்துவிடுவதில்லை. டியூக் பல்கலைக்கழகத்தில் ஷின்னியன் டோங்கின் ஆய்வகம் 2012ல் அடுத்த கட்டத்தைத் தெளிவாக்கியது. மூடி கழன்றதும் விழித்தெழும் எம்ஒய்சி2, இன்னும் மூன்று புரதங்களை எழுப்புகிறது. அவை சாலிசிலிக் அமிலம் தயாராவதைக் குறைக்கின்றன. இருக்கிற சாலிசிலிக் அமிலத்தையும் மெத்தில் சாலிசிலேட்டாக மாற்றவைக்கின்றன. தலைவலித் தைலத்தைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் வாசனை இந்த மெத்தில் சாலிசிலேட்டுடையதுதான். எளிதில் ஆவியாகிவிடும் பொருள். “திருடன்!” என்ற கூச்சல் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது, கொஞ்சம் வெளியே வந்ததும் காற்றோடு போகிறது.

உள்ளே போன பாக்டீரியா கொரோனடினை மட்டும் நம்பி இருப்பதும் இல்லை. ஊசி போன்ற ஒரு குழாயால் ஏறத்தாழ முப்பது விதப் புரதங்களை நேரே செல்லுக்குள் செலுத்துகிறது. அவற்றில் சில, வாசலில் நின்ற ஏற்பிகளையே செயலிழக்கச் செய்கின்றன. வேறு இரண்டு, செல்களுக்கு இடையிலுள்ள காற்று வெளியில் தண்ணீர் தேங்கும்படி செய்கின்றன; காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில்தான் இது பலிக்கும் என்று 2016ல் காட்டினார்கள். அது தனியே எழுத வேண்டிய கதை.

சமையற்கட்டோடு ஒப்பிடுவதற்கு ஓர் எல்லை உண்டு. கல்யாணச் சமையலில் தவசிப்பிள்ளை ஒருவர் இருப்பார். “எலி” என்று குரல் கேட்டால், உக்கிராணத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஆட்களை அனுப்புவார். இலையில் அப்படி ஒருவரும் இல்லை. ஒவ்வொரு செல்லும் தன்மேல் வந்து ஒட்டும் மூலக்கூறை நம்பித் தானே முடிவெடுக்கிறது. புழு உண்மையிலேயே கடித்ததா என்று நேரில் பார்த்துச் சொல்ல ஆள் கிடையாது. ஆகவே செய்தியைத் திரிக்கத் தெரிந்த கிருமிக்குச் செடியில் எதையும் உடைக்க வேண்டிய அவசியமே வருவதில்லை.

கதவைத் திறந்து வைக்க இது ஒன்றுதான் வழி என்றும் இல்லை. பீன்ஸைத் தாக்கும் இன்னொரு சூடோமோனாஸ் சிரிங்கோலின் என்ற நச்சைச் செய்கிறது. அது போய் முடக்குவது மேலே சொன்ன அந்த அரைக்கும் எந்திரத்தை. எந்திரம் நின்றாலும் காவல் குலைகிறது, இலைத்துளை சரியாக மூடுவதில்லை. கொரோனடினுக்கு எந்திரம் ஓட வேண்டும்; சிரிங்கோலினுக்கு அது நிற்க வேண்டும். நெருங்கிய சொந்தமான இரு பாக்டீரியாக்கள், ஒரே கதவுக்காக, ஒரே எந்திரத்தை எதிரெதிர் திசையில் பயன்படுத்துகின்றன.

இனி, செடியைக் காப்பதற்கு வருவோம். தக்காளி வளர்ப்போர் முதலில் நாடியது காட்டுத் தக்காளியின் ‘பிடிஓ’ மரபணுவை. ஊசிக்குழாய் வழியே வரும் புரதங்களில் குறிப்பிட்ட இரண்டை அது அடையாளம் கண்டு, அந்த இடத்துச் செல்களையே சாகவிட்டு நோயைத் தடுத்துவிடும். 1993ல் இந்த மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. நன்றாகவே வேலை செய்தது. பிறகு, அதன் கண்ணில் படாத பாக்டீரியா வகைகள் பரவத் தொடங்கின.

கொரோனடின் வேலை செய்யும் விதம் தெரிந்தபின் வேறொரு வழி தென்பட்டது. அசல் துணியில் ஒற்றை வளையம், கள்ளத் துணியில் இரட்டை வளையம். கள்ளத் துணிதான் பருமன். கையின் பிடியைக் கொஞ்சமே கொஞ்சம் குறுக்கினால்? 2015ல் ஹேயின் குழு அதைச் செய்தது. சிஓஐ1 புரதத்தில் 384ஆவது இடத்திலிருந்த அலனின் என்ற அமினோ அமிலத்தை வாலினாக மாற்றினார்கள். வாலினில் இரண்டு கார்பன் அணுக்கள் அதிகம், அவ்வளவுதான் வித்தியாசம். அராபிடாப்சிஸில் அந்தக் கை அசல் துணியைப் பற்றியது, கொரோனடினைப் பற்றத் திணறியது. செடி விதை பிடித்தது, புழுவை எதிர்த்தது, பாக்டீரியாவையும் முன்னைவிட நன்றாக எதிர்த்தது. ஓர் இடத்தில் இரண்டே கார்பன் அணுக்கள் கூடியதற்கு இவ்வளவு பலன்.

தக்காளியிலேயே 2019ல் மாட்ரிட்டில் ராபர்டோ சொலானோவின் குழு மூடியின் பக்கமிருந்து முயன்றது. மூடிகள் பல உண்டு. அவற்றில் ‘ஜாஸ்2’ பெரும்பாலும் இலைத்துளைகளில் இருப்பது. கை பற்றும் விளிம்பை மட்டும் கிரிஸ்பர் முறையில் அந்த மூடியிலிருந்து வெட்டி எடுத்தார்கள். துணி எதுவாயினும் இனி அந்த மூடி கழலாது. கதவுகள் மூடியபடி நின்றன, கரும்புள்ளி நோய் குறைந்தது. ஜாஸ்மோனேட் காவலை நம்பியே எதிர்க்க வேண்டிய சாம்பல் பூஞ்சணத்துக்கும் செடி கூடுதலாக இரையாகவில்லை. கதவில் மட்டும் செய்த மாற்றம் உள்ளே இருக்கும் காவலைக் கெடுக்கவில்லை. வழிகள் இரண்டில் எனக்கு அதிக நம்பிக்கை தருவது இது. செடி முழுவதிலும் இயங்கும் ஒரு கையைத் தொடாமல், களவு நடக்கும் இடத்தில் மட்டும் கைவைத்திருக்கிறார்கள்.

தக்காளி நட்டிருப்பவருக்கு இன்றைக்கு உதவுவது, பாக்டீரியாவைக் கதவு வரை வரவிடாமல் இருப்பதுதான். விதையோடு அது பயணம் செய்யும் என்பதால் விதையை 50 டிகிரி செல்சியஸ் சூட்டு நீரில் 25 நிமிடம் வைத்து எடுத்து உலர்த்துவது பழைய முறை, இன்றும் பயன்படுகிறது. சூடு இரண்டு டிகிரி கூடினாலும் முளைப்பு பாதிக்கும், ஆகவே வெப்பமானி வேண்டும். தாமிர மருந்து பல இடங்களில் பலன் தருகிறது. தாமிரத்துக்குப் பழகிவிட்ட பாக்டீரியா வகைகளும் இருக்கின்றன. தண்ணீரைத் தலைக்கு மேல் தெளிக்காமல் வேரடியில் சொட்டுநீராக விட்டால் இலை உலர்ந்திருக்கும். ஈரப்படலம் இல்லாவிட்டால் பாக்டீரியாவால் நீந்த முடியாது. நீந்தாவிட்டால் இலைத்துளைக்கு வந்துசேர முடியாது. தெளிப்பு நீர்தான் வசதி என்றால் காலையில் தெளிப்பது நல்லது. மாலையில் தெளித்த நீர் இரவெல்லாம் இலையில் நிற்கும். காலையில் தெளித்தது வெயிலேறக் காய்ந்துவிடும்.